யெம்மாவின் அத்திப்பழத் தார்த்

அத்தி என்றதும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நினைவில் வருவது குளக்கரையிலும் ஆற்றோரத்திலும் நிற்கும் பெரிய மரம்தான். அடிமரத்திலும் தடித்த கொப்புகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பழுத்தால் சிவக்கும். குரங்கும் வௌவாலும் தின்னும். பிளந்தால் உள்ளே பூச்சி இருக்கும் என்று சிறுவயதில் எங்களை அதைத் தொடவே விடமாட்டார்கள். நான் இங்கே எழுதப்போவது அந்த மரத்தின் தூரத்து உறவுக்காரியைப் பற்றி. தமிழ்நாட்டில் அதனைச் சீமை அத்தி என்கின்றார்கள். கொழும்புக் கடைகளில் உலர்த்தித் தட்டையாக்கி விற்கப்படும் அத்திப்பழத்தைக் கண்டிருப்பீர்கள். அதுதான் இது. ஆனால் மரத்திலிருந்து பறித்த பச்சைப்பழத்தின் ருசி வேறு, உலர்ந்ததன் ருசி வேறு.

நான் வசிப்பது பாரிஸ் நகரின் வடக்குப் புறநகர் ஒன்றில். 2012 இல் ஆறு வயது மகளுடன் இங்கு வந்து சேர்ந்தேன். ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் சந்தைகளில் இந்தப் பழம் வரும். தெற்கே சொலியேஸ் என்னும் இடத்துப் பழத்துக்குப் பெயர் பெரிது. 2006 இல் அந்த ஊர்ப் பெயரை வேறு எவரும் பாவிக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பே கொடுத்திருக்கின்றார்கள். விலையும் பெயருக்கு ஏற்றபடிதான். விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகின்ற என்னைப் போன்றவர்கள் பார்த்துவிட்டு நடந்துவிடுவோம். எனக்கு அத்திப்பழம் காசில்லாமல் கிடைத்தது எங்கள் மாடிக்கு ஒரு மாடி கீழே குடியிருந்த அம்மாவினால்தான்.

அவர் அல்ஜீரியாவின் மலைப்பகுதியான கபீலியாவைச் சேர்ந்தவர். 1938 இல் பிறந்தவர். அவர்களின் பாசையில் தாயை 'யெம்மா' என்று அழைப்பார்கள். எங்கள் 'அம்மா'வுக்கு எவ்வளவு கிட்ட இருக்கின்றது பாருங்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவருக்கு என் பெயர் வாயில் வராததால் 'மகளே' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது உடைந்த பிரெஞ்சு. என்னுடையது மிகவும் உடைந்தது. மகள் வீட்டில் இருந்தால் மொழிபெயர்ப்பாள்; இல்லாவிட்டால் கை காட்டிக் கதைப்போம்.

பிரான்சில் வீட்டோடு வளவு இல்லாத தொழிலாளர் குடும்பங்களுக்குச் சிறு துண்டு நிலத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் ஒரு வழக்கம் உண்டு. லெமிர் என்ற பாதிரியார் 1896 இல் இதற்கென ஓர் அமைப்பைத் தொடக்கினார். யெம்மாவின் தமையன் எடுத்த அப்படியான ஒரு துண்டு பிறகு அவரின் கைக்கு வந்திருந்தது. புதினாவும் போஞ்சியும் வெங்காயமும் போட்டிருந்தார். தெற்கு வெயில் படும் சுவரோரமாக ஓர் அத்திமரம். அந்தச் சுவர் இல்லாவிட்டால் பாரிஸ் குளிரில் அது காய்த்துப் பழுக்காது என்பார். சுவர் இருந்தும் பிந்தி வரும் காய்கள் பச்சையாகவே நின்றுவிடும்.

பழம் பறிப்பதற்கு ஒரு முறை இருக்கின்றது. மாங்காயைப் போல முற்றலாகப் பிடுங்கி வைக்கோலுக்குள் பழுக்கவைக்க இதில் முடியாது. மரத்திலிருந்து எடுத்த பிறகு இது மென்மையாகலாம், ஆனால் இனிப்பு ஏறாது. காம்பு வளைந்து பழம் தலைகுனிந்து தொங்க வேண்டும். தோலில் மெல்லிய வெடிப்பு விழ வேண்டும். அடியில் உள்ள கண்ணில் ஒரு துளி தேன் திரண்டு நின்றால் அன்றைக்கே பறிக்க வேண்டும், மறுநாள் என்றால் எறும்புக்குத்தான். காம்பு ஒடிந்த இடத்தில் பால் வரும். கையில் பட்டால் சொறியும், வெயிலோடு சேர்ந்தால் கொப்புளமும் போடும். யெம்மா முழங்கை வரை நீண்ட பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மரத்தடிக்குப் போவார்.

எப்போதாவது நடப்பதை நாங்கள் 'அத்தி பூத்தாற் போல' என்கின்றோம் அல்லவா? உண்மையில் அத்தி ஒவ்வொரு முறையும் பூக்கின்றது. நாம் பழம் என்று நினைப்பதே உள்முகமாகச் சுருண்ட பூங்கொத்துத்தான். நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் உள்ளே இருக்கின்றன. கண் வழியாக நுழைகின்ற ஒரு சிறு குளவிதான் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது. கபீலியாவில் காட்டு அத்தியின் காய்களை மாலையாகக் கோத்து வீட்டு மரத்தில் தொங்கவிடுவார்களாம், அதற்குள் இருக்கும் குளவி வெளியே வந்து வேலையைச் செய்வதற்காக. பாரிஸ் சுவரோர மரம் குளவி இல்லாமலே பழுக்கும் இனம். ஆகவே பூச்சிக்குப் பயப்படத் தேவையில்லை.

இன்னொன்றும் அவரிடம் கேட்டு அறிந்தேன். பச்சையாகத் தின்னும் பழத்துக்கு அவர்களிடம் ஒரு பெயர், உலர்ந்ததற்கு வேறு பெயர். நாங்கள் பனையில் நுங்கு, பனம்பழம், பனாட்டு, ஒடியல் என்று பிரித்துச் சொல்வதை மகளைக்கொண்டு விளங்கப்படுத்தியபோது யெம்மா கைதட்டிச் சிரித்தார். அவர்களுக்கும் உலர்ந்த அத்தியும் ஒலிவ் எண்ணெயும்தான் பஞ்சத்துக்குக் கைகொடுப்பவை.

இனித் தார்த் செய்யும் முறைக்கு வருகின்றேன். தார்த் என்பது மாத்தட்டின் மேல் பழத்தை அடுக்கிப் போறணையில் சுடுகின்ற பிரெஞ்சுப் பலகாரம். கடைகளில் அடியில் கிறீம் தடவி, மேலே பளபளப்பாக ஏதோ பூசி வைத்திருப்பார்கள். யெம்மாவின் தார்த்தில் அதெல்லாம் கிடையாது. எனக்கும் இதுதான் பிடித்தது. நல்ல பழம் இருக்கும்போது கிறீம் எதற்கு?

ஒரு பெரிய சாப்பாட்டுக் கோப்பை அளவான தட்டுக்கு 200 கிராம் கோதுமை மா, 100 கிராம் பட்டர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி வேண்டும். பட்டர் குளிராக இருக்க வேண்டும். அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி மாவுக்குள் போட்டு விரல் நுனிகளால் உதிர்க்க வேண்டும். பிட்டுக்கு மாக் குழைக்கும்போது உதிரி உதிரியாக வருமே, அந்தப் பதம். உள்ளங்கை படக்கூடாது, சூட்டில் பட்டர் உருகிவிடும். பிறகு குளிர்ந்த தண்ணீர் மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி தெளித்து ஒன்று சேர்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் ரொட்டி சுட்டுப் பழகிய எங்கள் கை அடங்க மறுக்கும். அடித்துப் பிசையச் சொல்லும். பிசைந்தால் மா இழுபட்டு இறுகிவிடும், சுட்டபின் கடிக்கவே முடியாது. பட்டர் மாவைப் போர்த்தி இருப்பதால்தான் அது நொறுநொறுவென்று வருவது. யெம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, "விடு, விடு, அதைச் சும்மா விடு" என்பார். உருண்டையாக்கி மூடி, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணித்தியாலம் வைக்க வேண்டும்.

அந்த நேரத்தில் பழத்தைக் கழுவித் துடைத்துக் காம்பை நீக்குங்கள். சுமார் 600 கிராம், அதாவது பன்னிரண்டு பதின்மூன்று பழம். தோல் உரிக்க வேண்டாம். நான்காகப் பிளக்க வேண்டும். மாவை வட்டமாக உருட்டித் தட்டில் பரப்பி, முள்ளுக்கரண்டியால் அங்கங்கே குத்திவிட்டு, அடியில் இரண்டு மேசைக்கரண்டி ரவையைத் தூவுங்கள். இந்த ரவைதான் யெம்மாவின் கைப்பக்குவம். பழத்தில் இருந்து இறங்கும் சாற்றை அது குடித்துக்கொள்ளும், அடி நனைந்து களியாகாது. பிரெஞ்சுக்காரர் இதற்குப் பாதாம் தூள் போடுகின்றார்கள். ரவை மலிவு, வேலையும் அதே வேலைதான். வெட்டிய பக்கம் மேலே பார்க்கும்படி பழத்தை வெளிவட்டத்திலிருந்து நெருக்கமாக அடுக்கி, இரண்டு மேசைக்கரண்டி சீனியைத் தூவி, 200 பாகையில் முன்பே சூடாக்கிய ஓவனில் கீழ்த்தட்டில் வைத்தால் 35 முதல் 40 நிமிடத்தில் விளிம்பு பொன்னிறமாகும். பழத்தின் ஓரம் சற்றுக் கருகினால் நல்லது. விரும்பினால் சுடச்சுட ஒரு கரண்டி தேன் தடவலாம். நான் சில வேளை கறுவாத்தூள் போடுவேன். யெம்மாவுக்கு அது பிடிக்காது, மூக்கைச் சுருக்குவார்.

இந்தத் தார்த்தை அவர் தன் ஊரில் கற்கவில்லை. 1964 இல் கைப்பிள்ளையாக இருந்து வளர்ந்த எட்டு வயது மகனோடு பாரிசுக்கு வந்து, ஒரு பிரெஞ்சு வீட்டில் வேலைக்காரியாக இருந்தபோது அந்த வீட்டுக்காரியிடம் பார்த்துப் பழகியது. தன் நாட்டோடு எட்டு வருடம் யுத்தம் நடத்திய நாட்டின் பலகாரத்தை எப்படி மனமொத்துச் செய்கின்றீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். மாவுக்கு என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்டார். எங்கள் பாணும் போறணையும்கூடப் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள்தானே. யாழ்ப்பாணத்தில் எவரும் அதற்காகப் பாணை ஒதுக்கியதில்லை.

அல்ஜீரியச் சுதந்திர யுத்தம் 1954 முதல் 1962 வரை நடந்தது. யெம்மா கலியாணம் முடித்து அல்ஜியர்ஸ் நகரில் இருந்தவர். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1957 ஜனவரியில் அந்த நகரத்தின் பொலிஸ் அதிகாரம் இராணுவத்திடம் கொடுக்கப்பட்டது. அடுத்த மாதத்து ஓர் இரவில் அவரது கணவர் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டார். அதன்பிறகு தகவல் இல்லை. அப்போது யெம்மாவுக்குப் பத்தொன்பது வயது, இடுப்பில் ஒரு குழந்தை. தாய் வீட்டுக்கு, மலைக்கிராமத்துக்குத் திரும்பினார். மறுவருடம் அந்தக் கிராமமே காலியாக்கப்பட்டு எல்லோரும் கம்பிவேலி போட்ட முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த யுத்தத்தில் இப்படி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டவர்கள் சுமார் 20 இலட்சம் பேர். முகாமில் இருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் தங்களுடைய அத்திமரங்கள் தெரியுமாம். பழுத்து விழுவதும் தெரியுமாம். போய்ப் பொறுக்க முடியாது.

வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே நின்று தங்கள் மாமரத்தைப் பார்த்த சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. செட்டிகுளம் முகாமில் இருந்தவர்களுக்கும் விளக்கத் தேவையில்லை. நானும் 2010 வரை அங்கே இருந்தவள்தான்.

இவற்றை அவர் எனக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. ஒவ்வொரு செப்டெம்பரிலும் பழம் வெட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தன் சொந்த மகனுக்கே பாதிதான் சொல்லியிருக்கின்றேன் என்றார். மகன் கேட்டால் கோபப்படுவான், நீ கேட்டால் பழத்தை வெட்டிக்கொண்டே இருக்கின்றாய் என்றார்.

2018 செப்டெம்பர் 13, வியாழக்கிழமை. அன்று மாலை யெம்மாவின் குசினியில் இரண்டாவது தார்த்துக்கு மா உருட்டிக்கொண்டிருந்தோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. மேசையில் பாடசாலை வேலை. தொலைக்காட்சியில் செய்தி போனது. பிரான்ஸ் ஜனாதிபதி மக்றோன் பாஞோலே என்ற இடத்தில் ஒரு முதிய பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தார். எங்களுக்கு அது பக்கத்து ஊர். அந்தப் பெண் ஜோசெத் ஓடான். அவரது கணவர் மொரிஸ் ஓடான் அல்ஜியர்சில் கணிதம் கற்பித்த 25 வயது இளைஞர், சுதந்திரத்தை ஆதரித்த கம்யூனிஸ்ட். 1957 ஜூன் 11 இல் கைதானவர் திரும்பவே இல்லை. தப்பி ஓடிவிட்டார் என்றுதான் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. கைது செய்த இராணுவத்தினரால் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார் அல்லது கொல்லப்பட்டார், அதற்கு இடம்கொடுத்தது சட்டபூர்வமாக அமைக்கப்பட்ட ஒரு முறைமை என்று அன்றுதான் அரசு ஏற்றுக்கொண்டது. காணாமற்போன ஏனையோர் பற்றிய ஆவணங்களும் திறக்கப்படும் என்றார்கள். மகள் வரிவரியாக எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். திடீரென நிறுத்தினாள்.

"அறுபத்தொரு வருசம் அம்மா," என்றாள். பிறகு கொப்பியின் ஓரத்தில் ஏதோ கூட்டினாள். "எங்களுக்கு 2070."

அவளின் தகப்பன் 2009 மே மாதம் வட்டுவாகலில் பெயர் பதிந்து பஸ்சில் ஏற்றப்பட்டவர். அன்று அவளுக்கு மூன்று வயது. பஸ்சின் நிறம் மட்டும் ஞாபகம் என்பாள்.

யெம்மா தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. பழத்தை அடுக்கி முடித்துச் சீனியைத் தூவி ஓவனில் வைத்துவிட்டுத்தான் கதிரையில் அமர்ந்தார். "அந்த மனுசி படித்தவள். வெள்ளைக்காரி. அவளுக்கே அறுபத்தொரு வருடம்," என்றார். சொன்ன விதத்தில் பொறாமை இருக்கவில்லை. ஜோசெத் ஓடானை நன்றாகவே செய்தாய் என்று தொலைக்காட்சியைப் பார்த்துத் தலையாட்டினார். ஜோசெத் அடுத்த வருடம் பெப்ரவரியில் காலமானார்.

அந்தக் காலத்தில் எனக்கு ஊரிலிருந்து ஒரு நெருக்கடி இருந்தது. கணவரின் பெயரில் உள்ள காணிக்கு ஒரு வழி பண்ணவேண்டும், மரணச் சான்றிதழ் எடுத்துவிடு என்று உறவினர்கள் நாளாந்தம் தொலைபேசியில் சொன்னார்கள். 2010 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி காணாமற்போனவர்களுக்கு அப்படிப் பதிவு செய்ய இடமிருந்தது. எனக்குக் கை வரவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் வீதியோரம் இருந்த தாய்மாரின் படத்தைப் பார்க்கும்போது, அங்கே அவர்கள் கேட்டுக்கொண்டிருக்க இங்கே நான் 'இறந்தார்' என்று கையொப்பம் வைப்பதா என்றிருக்கும். அன்று யெம்மாவிடம் கேட்டேன், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று.

"எடுத்தேன்," என்றார். "சுதந்திரம் வந்தபின் எடுத்தேன். பென்சன் வந்தது. மகனுக்குச் சப்பாத்து வாங்கினேன்." கொஞ்ச நேரம் ஓவனின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேதி கேட்டார்கள். எனக்கு எந்தத் தேதி தெரியும்? அவர்களே ஒன்றைப் போட்டார்கள். அந்தத் தேதியில் நான் ஒன்றும் செய்வதில்லை."

நான் மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தவர் என்று சொல்லாமல் ஆள் இல்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழி செய்யப்பட்டிருக்கின்றது. பதிவாளர் நாயகம் வழங்குவது. அதனை வைத்துக் காணியைப் பராமரிக்கலாம், உதவித் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். ஊரில் உள்ள தாயார் மூலம் 2019 இல் அதற்கு விண்ணப்பித்தேன். மரணச் சான்றிதழ் எடுத்த சகோதரிகளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டும்.

ஊரில் இதைச் செய்து பார்க்க விரும்புகின்றவர்களுக்குச் சில வார்த்தைகள். பச்சை அத்திப்பழத்துக்கு அலையாதீர்கள். முக்கால் பழமான கறுத்தக்கொழும்பான் மாம்பழமோ, சாறு வடித்த அன்னாசித் துண்டுகளோ போதும். சாறு கூடிய பழம் என்றால் ரவையை மூன்று கரண்டியாக்குங்கள். ஓவன் இல்லாவிட்டால், அடி கனத்த பெரிய சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி, கால் மணித்தியாலம் நன்றாகச் சூடாக்கி, அதன்மேல் தார்த் தட்டை வைத்து மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் போடுங்கள். முன்பு பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் அம்மாமார் கேக் சுட்டது இப்படித்தான். மேல்நெருப்புக் குறைந்தால் பழம் அவிந்து கிடக்கும், ஆகவே தணலை இடையில் மாற்றுங்கள். நேரம் சற்றுக் கூடப் பிடிக்கும். பட்டர் விலை கட்டுப்படி ஆகாவிட்டால் குளிரவைத்த மாஜரின் பாவிக்கலாம், உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சுட்ட அன்றே சாப்பிட்டு முடிக்க வேண்டிய பண்டம் இது. மறுநாள் மா நமுத்துவிடும்.

அதனால் எப்போதும் பங்கிட வேண்டியிருக்கும். எங்கள் மாடிப்படியில் தட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது அவர்களுக்கும் வழக்கம். தார்த் வந்த தட்டில் நான் வடை வைத்துக் கொடுப்பேன், வடை போன தட்டில் அடுத்த கிழமை பேரீச்சம்பழம் வரும்.

யெம்மா 2022 மாரியில் காலமானார். என்னிடம் இருந்த அவரது நீலப்பூத் தட்டை மகனிடம் கொடுக்கப் போனபோதும் வடை சுட்டு வைத்துத்தான் கொண்டுபோனேன். அறுபத்தைந்து வயது மனிதர், வாசலில் நின்றே இரண்டைச் சாப்பிட்டார். தகப்பனின் பெயரை அந்த ஆவணங்களில் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

தோட்டத் துண்டு இப்போது மாலி நாட்டுக்காரர் ஒருவரிடம் இருக்கின்றது. அத்திமரத்தை அவர் வெட்டவில்லை. செப்டெம்பரில் பழம் பறிக்க என்னையும் மகளையும் விடுகின்றார், ஒரு தார்த் தனக்கு வரவேண்டும் என்ற ஒப்பந்தத்தில். கறுவா போட்டால் அவருக்குப் பிடிக்கின்றது.